கார்த்திகேசு ஆடிய கடைசி ஆட்டம்

கார்த்திகேசு பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். இந்தியர் சங்கத்துக் கோப்பையை வருஷா வருஷம் அவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். அவரை மிஞ்ச ஆளில்லை என்பது சூலியா தெருக் காப்பிக்கடையில் எப்போதோ முடிந்துபோன சங்கதி.

1933-இல் கார்த்திகேசு ஆட வரவில்லை. கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றார். அந்த வருஷக் கோப்பை ஜெலுத்தோங் பக்கத்துத் தையற்காரர் ஒருவரின் மகன் சுலைமானுக்குப் போனது.

“பினாங்கில் இதுவரை மட்டை பிடித்தவர்களிலேயே பெரியவன் சுலைமான்தான்” என்று காப்பிக்கடையில் இளவட்டங்கள் பேச ஆரம்பித்தார்கள். துணிக்கடை அப்துல் ரசாக்குக்கு அது பொறுக்கவில்லை. அவரும் கார்த்திகேசுவும் சேர்ந்து ஆடி வளர்ந்தவர்கள்.

“கார்த்திகேசு ஆடாத வருஷம் கோப்பை வாங்கினது என்ன பெருமை லா? ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடட்டும். அப்புறம் பேசுங்க.”

அன்று மாலையே ரசாக் கார்த்திகேசுவின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி நவமணி.

“வேண்டாம், அண்ணை. அவருக்கு ஓயாத இருமல்” என்றாள்.

“இருமல்தானே, தங்கச்சி. ஓடி ஆடினா சரியாப் போயிடும்.”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கார்த்திகேசு, “ஆடுறன் எண்டு சொல்லு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திடலைச் சுற்றிக் கூட்டம். முதல் செட்டைக் கார்த்திகேசு எளிதாக எடுத்தார். ரசாக் வேட்டி கட்டிய கிழவர்களோடு சேர்ந்து கைதட்டினார். ஆனால் கார்த்திகேசுவின் முகம் இறுகியிருந்தது. வலைக்கு அருகே சுலைமானைக் கூப்பிட்டார்.

“தம்பி, என்னைப் பார்த்துப் பாவப்படுறீரோ?”

சுலைமான் தலை குனிந்தான். “உங்களுக்கு முடியல, அண்ணே.”

“அதை நான் பார்த்துக்கொள்ளுறன். நீர் ஒழுங்கா ஆடும்.”

பிறகு சுலைமான் ஒழுங்காக ஆடினான். பந்து கார்த்திகேசுவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எட்டாது என்று தெரிந்த பந்துக்கும் அவர் ஓடினார். இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவதன் நடுவில் ஒரு பந்துக்குக் குனிந்தவர் அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம். மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தாங்கியவன் சுலைமான்தான்.

சயரோகம். இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ரசாக் உட்கார்ந்திருந்தார். “யார் என்ன சொன்னாலும் நீதான் பெரிய ஆட்டக்காரன்” என்றார்.

“இல்லை, ரசாக். அவன்தான். என்ரை நல்ல காலத்திலையும் அந்தப் பந்துகளை நான் எடுத்திருக்க மாட்டன்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “கடையிலை போய்ச் சொல்லு.”

தைப்பூசத்துக்கு முன்பே கார்த்திகேசு இறந்துபோனார். காப்பிக்கடையில் இப்போது எல்லோருக்கும் ஒரே பேச்சாகிவிட்டது. இளவட்டங்கள்கூடக் கார்த்திகேசுவைப் போல் ஒருவன் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார்கள். ரசாக் எழுந்து, “சுலைமான்தான் பெரியவன். கார்த்திகேசுவே சொன்னான்” என்றார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று அவரை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். சுலைமான் அந்தக் கடைப் பக்கமே வருவதில்லை. அடுத்த கோப்பைக்கும் அவன் பெயர் கொடுக்கவில்லை.

தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நவமணி கொழும்புக் கப்பலுக்குக் கிளம்பினாள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரசாக் துறைமுகம்வரை கூட வந்தார். கப்பலுக்குப் போகும் படகில் இறங்குமுன் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஓயாத இருமல் எண்டு சொன்னனான், அண்ணை. நீங்கள் கேட்டிருக்கலாம்.”

ரசாக் பெட்டிகளைப் படகில் வைத்தார். சின்னப் பெண்ணைத் தூக்கிப் படகுக்காரனிடம் கொடுத்தார்.