பினாங்கு மலையில் ஒரு முறுக்குக் குச்சி

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கப்பல் பினாங்கு ஊருக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சியது. ஊருக்குப் பின்னால் உடனே மலை. அதன் பாதிக்கு மேல் மேகம். பயணிகள் கம்பியோரம் கூடி, அது பங்களா, இது கோயில் என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முதல் படகு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் நடராஜன் அந்த மலையில் ஒரு சர்வே கூடாரத்தில் வேலை பார்த்துவந்தான். மாயவரத்தில் எனக்குக் கிடைத்த தந்தி சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: வலது கண்ணில் பலத்த அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உடனே வரவும்.

மலிவுக் கட்டணத்தில் வரும் மேல்தளத்துப் பயணிகளை, நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தீவில் இறக்கிச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள் என்று நாகப்பட்டினத்திலேயே எச்சரித்திருந்தார்கள். எனக்கு வீணாக்க நாள் இல்லை. ஆகவே ஒரு பள்ளி உபாத்தியாயருக்குத் தகாத செலவாக, இரண்டாம் வகுப்பில் வந்தேன். அந்த வகுப்பில் மெத்தை இருந்தது. தூக்கம் இல்லை.

கப்பலிலிருந்து கரைக்குச் சீனன் ஒருவனுடைய சம்பான் படகில் வந்தேன். கூலி முப்பது காசு. இங்கே நூறு காசு ஒரு வெள்ளி. படித்துறையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாயவரத்து வாத்தியார் ஐயாதானே? நம்ம நடராஜன் மூஞ்சி அப்படியே இருக்கு. நான் சேகு. சூலியா தெருவுல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். என் மவன் ஜமாலும் உங்க புள்ளையும் ஒரே கூடாரத்துல வேலை.”

என் பெட்டியை வாங்கிக் கொண்டார். பத்தடி நடந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“ஒண்ண முதல்லயே சொல்லிடறேன் ஐயா. வேற வாயால கேட்டீங்கன்னா அது இன்னும் கெட்டது. கயிறு முறுக்கறப்ப குச்சியப் பிடிச்சிருந்தவன் என் மவன். கை விட்டுட்டான். அதுதான் உங்க புள்ள கண்ணுல அடிச்சது.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் வீட்டில் தங்க அழைத்ததும், நான் மறுத்ததும் நினைவிருக்கிறது. அவர் வற்புறுத்தவில்லை. ரிக்‌ஷாக்காரனிடம் மலாயில் ஏதோ பேசி, “இருவது காசு. மேல கேட்டா குடுக்காதீங்க” என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரி நீளமான கட்டடம். இரு புறமும் பலகைச் சன்னல்கள். நடராஜன் கடைசிக்கு முந்தின கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியும் வலக்கண்ணும் சேர்த்துக் கட்டியிருந்தது. இருபத்திரண்டு வயது. நான் விட்டுப் பிரிந்தபோது இல்லாத மீசை இருந்தது.

“தந்தி குடுக்காதன்னு ஜமால்கிட்ட சொன்னேன், கேக்கல. ஏம்பா இவ்வளவு இளைச்சுட்டீங்க? கப்பல் சோறு எறங்கலையா?”

அவன் சிரித்தபோது கட்டுக்குக் கீழே கன்னம் மட்டும் அசைந்தது.

டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார், பொறுமையானவர். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வலது கண் கிழிந்துவிட்டது, அதில் இனிப் பார்வை வராது. அதை அப்படியே விட்டுவைத்தால், நன்றாக இருக்கும் இடது கண்ணுக்கும் அழற்சி பரவக்கூடும். எல்லாருக்கும் வராது, வந்தால் தடுக்க மருந்தில்லை. இரண்டு வாரத்துக்குள் கெட்ட கண்ணை எடுத்துவிட்டால் நல்ல கண் பிழைக்கும். அடிபட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது. உங்கள் மகன் சம்மதிக்க மறுக்கிறான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டி வந்தது இதற்குத்தான்: மகனிடம், உன் கண்ணைக் கொடு என்று கேட்பதற்கு.

கேட்டேன். நடராஜன் தலையை ஆட்டினான். “வெளிச்சம் தெரியுதுப்பா. கட்டுக்குள்ளயே தெரியுது, மஞ்சளா, பளிச்சுபளிச்சுன்னு. செத்த கண்ணுல வெளிச்சம் வருமா? நீங்களே சொல்லுங்க.”

அடிபட்ட நரம்பு அப்படிப் பொய் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு மகனை நம்புவது சுலபமாக இருந்தது. அடி லேசாகத்தான் பட்டிருக்கும், ஒரு குச்சி, அதுவும் கையிலிருந்து நழுவிய குச்சி, கண்ணை அழிக்கிற அளவுக்கா அடிக்கும் என்று எனக்குள்ளேயே வாதம் செய்தேன். இரண்டு நாள் பொறுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

பினாங் ஸ்ட்ரீட்டில் ஓர் இந்து ஓட்டலின் மாடியில் அறை கிடைத்தது. சாப்பாட்டோடு நாளுக்கு எண்பது காசு. சாம்பாரில் தேங்காய் அதிகம்.

புதன்கிழமை மலைக்குப் போனேன். சர்வே கூடாரத்தை அந்த வாரமே வேறு சரிவுக்கு மாற்றப்போகிறார்கள். நடராஜனின் பெட்டியை எடுத்துவர வேண்டும். “ஜமாலோட போங்க” என்றான்.

“அவனோடயா?”

“வேற யாருக்குப்பா வழி தெரியும்?”

படகுத்துறையிலிருந்து மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமுக்கு டிராம் போகிறது; ஏறக்குறைய ஆறு மைல், பத்துக் காசு. கடைத்தெருக்களைக் கடந்ததும் தென்னை, பிறகு சீனர்களின் காய்கறிப் பாத்திகள், அப்புறம் மலை சட்டென்று முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. ஜமால் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான பையன், என் மகனைவிட ஒரு வயது சின்னவனாக இருக்கலாம். கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தான்.

“மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?”

“நான் உனக்கு மாமா இல்லை.”

“சரி சார்” என்றான்.

மேலே ஏறும் பாதை கல்லும் வேருமாக வழுக்கியது. இரண்டு மணி நேரம் ஏறினோம். மூச்சு வாங்க நான் நின்றபோதெல்லாம் அவனும் நின்றான். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. கூடாரங்கள் ஒரு சிறிய சமதளத்தில் இருந்தன. சர்வே துரையும் மற்றவர்களும் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்க மேலே போயிருந்தார்கள். சமையற்காரர் மட்டும் இருந்தார், வயதான தஞ்சாவூர்க்காரர். என்னைப் பார்த்ததும், “புள்ள எப்படி இருக்கு சாமி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேநீர் போடப் போய்விட்டார்.

சர்வே கருவிகளை வைக்க இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் பெரிய கித்தான் துணியைப் போட்டு நான்கு பக்கமும் முளைக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். “இங்கதான்” என்றான் ஜமால்.

“எப்படி என்று காட்டு. ஒன்றும் விடாமல்.”

காட்டினான். கூடாரத்தில் தங்காதவர்களுக்காக அதை எழுதுகிறேன். கயிறு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கித்தானின் பாரத்தில் தொய்யும். தொய்ந்த இடத்தில் மழைநீர் குளம் கட்டும். கட்டினால் எல்லாம் கீழே வரும். தொய்வை எடுக்கச் சுலபமான வழி, கவை உள்ள ஒரு கொம்பை வெட்டிக் கயிற்றுக்கு நடுவே முட்டுக் கொடுப்பது. உள்ளே ஆள் நடமாட வேண்டுமானால் கொம்பு இடறும். அப்போது கயிற்றின் நடுவில் சின்னதாக ஒரு கண்ணி போட்டு, நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டுப் பின்னால் இழுப்பார்கள். ஒருவன் இழுப்பது இரண்டு பேர் இழுப்பது போல ஏறும். முளைக்கயிற்றை மட்டும் காய்ந்த நேரத்தில் ரொம்ப இறுக்கக் கூடாது.

“மழை பட்டா கயிறு தானாவே சுருங்கும் சார். அப்புறம் முளையப் பிடுங்கிடும்.”

மூன்றாவது வழி குச்சி. கயிற்றை இரட்டையாகக் கட்டி, இரண்டு புரிக்கும் நடுவே கைநீளக் குச்சியைச் செருகிச் சுற்றினால், புரிகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறு குறுகும். எங்கள் பக்கத்தில் வைக்கோல் வண்டிக்குப் பாரம் கட்டுவதும் இப்படித்தான். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. போதுமான அளவு இறுகியதும், குச்சியின் ஒரு முனையைச் சணலால் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டி முடியும்வரை குச்சியிலிருந்து கையெடுக்கக் கூடாது; எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து குச்சி சுழன்று அடிக்கும். முறை அவ்வளவுதான்.

“அன்னிக்கி சாயங்காலம் கடல் பக்கத்துலேர்ந்து காத்து வந்திருச்சு. மழை கொட்டுது. பெட்டியெல்லாம் நனைஞ்சா துரை கொன்னுடுவாரு. நான் சுத்தினேன், நடராஜன் சணலோட குனிஞ்சான். கை ஈரம் சார். வழுக்கிருச்சு.”

“துணியைச் சுற்றிப் பிடித்திருக்கலாமே?”

“இருக்கலாம் சார்.”

“கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

எல்லாவற்றுக்கும் அவன் ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. குச்சியை என் கையில் கொடு என்றேன். கொடுத்தான். அவனே கயிற்றின் முறுக்கைப் பிரித்துவிட்டு, மறுபடி சுற்றச் சொன்னான். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் கயிறு முனகியது. ஐந்தாவதில் இரண்டு கைகளாலும் பிடித்தேன். தோள்வரை நடுங்கியது. மரத்தின் இலைகளில் தங்கியிருந்த நீர் என்மேல் உதிர்ந்தது. விடவும் முடியாது, மேலே சுற்றவும் முடியாது. ஒரு கனத்த மிருகம் மறுமுனையில் இழுப்பது போல இருந்தது.

“கட்டறேன், விட்டுடாதீங்க” என்று சொல்லி ஜமால் சணலோடு எதிரே குனிந்தான். என் மகன் குனிந்த அதே இடம். அவனுடைய முகம் குச்சியின் முனைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வழுக்கிவிட்டது என்று சொன்னால் உலகம் நம்பும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவன் முடிச்சை இறுக்கி, “இப்ப விடலாம்” என்று சொன்ன பிறகும் என் விரல்கள் பிரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

நடராஜனின் பெட்டியை ஜமால் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். கீழே வரும்வரை எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்திருந்தது. அந்தக் குச்சி அடித்த கண்ணில் வெளிச்சம் இராது. யார் கண்ணானாலும் இராது. அதுவரை நான் வைத்திருந்த வாதமெல்லாம் என் உள்ளங்கையிலேயே முடிந்துவிட்டது.

வியாழன் காலை காயத்தைக் கழுவிக் கட்டுப் போட டிரசர் வந்தார். அவரிடம் தனியாகப் பேசி ஒரு டார்ச் விளக்கு வாங்கிக்கொண்டேன். கட்டைப் பிரித்ததும் அவர் நடராஜனின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். காயத்தை வர்ணிக்க மாட்டேன். விளக்கை அதற்கு நேரே பிடித்தேன்.

“வெளிச்சம் தெரியுதா?”

“தெரியுதுப்பா.”

“நல்லா பாத்துச் சொல்லு.”

“தெரியுது. மஞ்சளா.”

டிரசரைக் கையை எடுக்கச் சொன்னேன். நடராஜன் இடது கண்ணைத் திறந்து, ஏற்றாத விளக்கைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அப்பாவா வருவீங்கன்னு நெனச்சேன்” என்றான். “வாத்தியாராத்தான் வந்திருக்கீங்க.”

பிறகு டாக்டரை வரச் சொல்லுங்கள் என்று டிரசரிடம் கேட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கண்ணை எடுத்தார்கள். இடது கண் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு நாளும் சொன்னார். சேகு தினமும் அடுக்குப் பாத்திரத்தில் மரக்கறிச் சாப்பாடு அனுப்பினார், தனிப் பாத்திரத்தில் தனியே சமைத்தது என்ற செய்தியோடு. நடராஜன் சாப்பிட்டான். நான் பினாங் ஸ்ட்ரீட்டில் சாப்பிட்டேன். ஜமால் மாலையில் வருவான். இருவரும் கூடாரத்துக் கதை பேசுவார்கள். நான் போனால் குரல் தணியும்.

மூன்றாவது வாரம், ஊருக்குத் திரும்பலாம் என்று நான் சொன்னபோது, நடராஜன் இங்கேயே இருப்பதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். துரை வேலையைத் திரும்பத் தருகிறாராம்.

“கருவியில ஒரு கண்ண மூடிட்டுத்தானே பாக்கறோம். எனக்கு மூடற வேலை மிச்சம்.”

கட்டிலருகே நின்ற ஜமால் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சட்டென நிறுத்திக்கொண்டான். நான் கெஞ்சினேன். ஊரில் பள்ளியில் வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா என்ன ஆவாள் என்றேன். அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான், நான் பிள்ளை போலவும் அவன் பெரியவன் போலவும்.

கப்பல் ஒரு சனிக்கிழமை. இந்தமுறை மேல்தளத்திலேயே இடம் எடுத்தேன், அவசரம் இல்லை. படித்துறை ஈரமாக இருந்தது, படிகளில் பாசி. நடராஜன் என்னை வழியனுப்ப முன்னால் இறங்கினான். வழுக்கிவிடப் போகிறானே என்று பதறி, வலப்பக்கமாக ஓடி அவன் முழங்கையைப் பிடித்தேன். அவன் அலறாத குறையாகத் துள்ளினான். நாங்கள் இருவருமே விழப்போனோம்.

இடப்பக்கமிருந்து ஜமால் அவனைப் பிடித்து நிறுத்தினான். என்னிடம் தாழ்ந்த குரலில், “அந்தப் பக்கம் வந்தா அவனுக்குத் தெரியாது சார். குரல் குடுத்துட்டு வரணும்” என்றான்.

பிறகு அவனே படியில் நிதானமாகச் சுற்றி, நடராஜனின் வலப்பக்கம் வந்து நின்றான். வரும்போது ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். சம்பான்காரன் கூலி அதிகம் கேட்கிறான் லா என்று இந்த ஊர் இழுவையோடு ஏதோ. நடராஜன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

சம்பான் நகர்ந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள். நான் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நடுவில் துடுப்புச் சத்தம் இருந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டபோது, நான் கூப்பிடுவதை ஜமால்தான் அவனுக்குச் சொன்னான்.