தேவமணி அளந்த சூரியகாந்தி

தேவமணியைப் போன செவ்வாய்க்கிழமை சாத்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவரோடு பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. பேச முடியாததை எழுதி வைக்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவர். பதினாறு வயதில் தீப்பெட்டி கம்பெனிக்குப் போய், குச்சியில் மருந்து முக்கும் அறையில் ஆறு வருடம் நின்றார். ஒரு நாள் மருந்து பற்றிக்கொண்டதில் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. அதற்குப் பிறகு நெருப்பு இல்லாத வேலைதான் வேண்டும் என்று வேளாண்மைத் துறையில் தற்காலிகக் களப்பணியாளராகச் சேர்ந்தார். நான் பட்டம் வாங்கிக்கொண்டு 1969-இல் அவருக்கு மேலதிகாரியாக வந்தபோது அவர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னும் தற்காலிகம்தான். அவரை நிரந்தரமாக்கும் தாள் அந்த வருடம்தான் மேலிடத்துக்குப் போயிருந்தது. அதற்கு என் பரிந்துரை ஒன்றுதான் பாக்கி.

ஆமத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசலைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். வெளிநாட்டிலிருந்து பதினான்கு பொட்டலம் சூரியகாந்தி விதை வந்திருந்தது. ஒவ்வொரு ரகத்துக்குள்ளும் எத்தனை விதமான செடிகள் கலந்திருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. அது தெரிந்தால்தான் நம் வெயிலையும் மழைக்குறைவையும் தாங்குகிற செடியை அதிலிருந்து பிரித்து வளர்க்க முடியும். ரகத்துக்கு ஐம்பது செடி. உயரம், பூத்த நாள், பூத்தட்டின் அகலம், விதையின் நிறம் எல்லாம் எழுத வேண்டும். தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டு வந்துவிடாதபடி பூக்களுக்குத் துணிப் பை கட்டினோம். காலையில் பையை அவிழ்த்து, அதே ரகத்தின் மகரந்தத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடியும் கட்டுவோம். வரிசை வரிசையாகப் பை கட்டிய தலைகளைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் வெடிமருந்து காயப்போடுகிறது என்று ஊருக்குள் பேச்சு. பீடியை அணைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் நடந்தார்கள்.

முதல் போகத்தில் ஆறாம் எண் ரகம் எங்களைத் திணற அடித்தது. ஒரு செடி முழங்கால் உயரம். பக்கத்துச் செடி தேவமணிக்கு மேல் ஒரு சாண். சிலது கிளைவிட்டு ஏழெட்டுப் பூ வைத்தது. விதையும் கறுப்பு, சாம்பல் வரி, வெள்ளை என்று கலந்து கிடந்தது.

அறுவடை முடிந்ததும், விதையைச் சுத்தம் பண்ணி வைக்கும்படி பொன்னுத்தங்கத்திடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கோயம்புத்தூர் போனேன். களத்து வேலைக்கு வந்த பெண்களில் மூத்தவர் அவர். திரும்பி வந்து பார்த்தால் ஆறாம் எண் பையில் முக்கால் பங்குதான் இருந்தது. தேவமணியைக் கேட்டேன். உள்ளே பருப்பில்லாத சாவி விதை தூற்றும்போது போயிருக்கும் என்றார். சாவி அவ்வளவு போகுமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. அந்த வாரம்தான் விருதுநகர் எண்ணெய் வியாபாரி சீனிவாசகம் வேலியோரம் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வியாபாரி கிளம்பிவிட்டார். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, இந்த எண்ணெய் நாறுமா என்று கேட்டாராம். நான் நம்பவில்லை.

ஐப்பசி மழைக்கு அந்த விதையையே விதைத்தோம். மார்கழியில் தேவமணியின் நோட்டைப் பிரித்தேன். ஆறாம் எண்ணில் ஐம்பது செடியும் ஏறக்குறைய ஒரே உயரம். கிளைவிட்டது ஒன்றுகூட இல்லை. பருவம் மாறினால் உயரம் மாறலாம். ஆனால் இத்தனை வேறுபாடு ஒரே போகத்தில் காணாமல் போகாது.

எந்த நிழலில் உட்கார்ந்து எழுதினீர்கள் என்று அவரைக் கேட்டேன். பக்கத்தில் பெண்கள் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அன்றிலிருந்து அவரை அண்ணாச்சி என்று அழைப்பதை விட்டுவிட்டேன். பரிந்துரைக்குப் பதிலாக, இவருடைய நேர்மை விசாரிக்கப்பட வேண்டியது என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயில் ஆராதனையில் இருக்கும் நேரம் பார்த்து, அவருடைய அளவுகோலை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். முப்பது செடி அளந்தேன். முப்பதும் அவர் எழுதியபடியே இருந்தன, ஓரங்குலம் பிசகில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை. அப்படியானால் விதையை மாற்றிவிட்டார் என்றுதான் தோன்றியது.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனேன். பொன்னுத்தங்கம் முந்தி விளைந்த ரகம் ஒன்றின் விதையை முறத்தில் வைத்திருந்தார். பெரிய கறுப்பு விதைகளை ஒரு பக்கம் சேர்த்துவிட்டு, வரி போட்டதையும் வெள்ளையையும் சிறியதையும் விரலால் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டிருந்தார். ஏன் ஒதுக்குகிறார் என்று கேட்டேன்.

"பின்னே, ஒண்ணுக்கொண்ணு சேராம கிடக்குல்லா? நீங்கதான சுத்தம் பண்ணச் சொன்னீக. போன தடவை ஒதுக்குனதைக் கோளிக்குப் போட்டேன். அம்புட்டையும் தின்னுருச்சு."

பொன்னுத்தங்கமும் பதினைந்து வருடம் தீப்பெட்டி கம்பெனியில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கியவர். ஒரு குச்சி கோணலாகவோ குட்டையாகவோ இருந்தால் சட்டத்தையே திருப்பிவிடுவார்களாம். சுத்தம் என்றால் அவருக்கு அதுதான். கிளைவிட்ட செடியின் சின்ன விதைகளும் குட்டைச் செடியின் விதைகளும் அவர் விரலைத் தாண்டி வரவேயில்லை. நாங்கள் தேடிய வேறுபாட்டைப் பொறுக்கி எறியச் சொன்னவன் நான்.

தேவமணி வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். இது தெரியுமா என்றேன். கிளைவிட்ட செடியைக் காணோம் என்றதுமே பொன்னுத்தங்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு சார். எந்த நிழல்ல உக்காந்து எழுதுனேன்னு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" துண்டில் கையைத் துடைத்தார். "சொன்னா நாளைக்கே அவளை வர வேண்டாம்பீக. சொன்ன வேலையைச் செஞ்ச பொம்பளை. அவ பொளைப்பு போகணுமா?"

பழைய பொட்டலங்களில் மிஞ்சியிருந்த கைப்பிடி விதையிலிருந்து மறுபடி தொடங்கினோம். பொன்னுத்தங்கம் இருந்தார். கோணலும் வேணுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே எதையும் தள்ளாமல் கட்டிவைத்தார். தவறு என்னுடையது என்று மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். ஒரு முறை விசாரணை என்று எழுதிவிட்டால் அதை யாரும் அழிக்க மாட்டார்கள். தேவமணிக்கு நிரந்தர உத்தரவு வர மேலும் மூன்று வருடம் ஆனது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நான் மறுபடி அண்ணாச்சி என்றேன். அவர் சார் என்றே இருந்தார்.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு அவர் தனியாக ஒரு செடியைக்கூட அளக்கவில்லை. "நீங்களே கோலைப் பிடிச்சு வாசிங்க. நான் எழுதுதேன்" என்பார். நான் வரப் பிந்தினால் வரிசை முனையில், வெயிலில், மூடிய நோட்டோடு நிற்பார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு வரிசை மிச்சமிருந்தது. நீங்களே அளந்து எழுதிவிடுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இருக்கட்டும் சார் என்று கோலை என் பக்கம் நீட்டினார்.