புதன்கிழமைச் சிநேகிதம்

கோணேஸ்வரிக்கு அறுபது தாண்டிய பிறகு டொக்டர் சிநேகிதம் எழுதிக் கொடுத்தார். குளிசை எழுதுவதைப் போலவே எழுதினார். வாரம் ஒருமுறை, புதன்கிழமை, ஆட்களோடு கூடியிருந்து கதைக்க வேண்டும் என்று மருந்துத் துண்டில் இருந்தது. அன்புவழிபுரத்தில் அவளுடைய வாசற்படலைக்கு எதிர்ப் படலை என்னுடையது. ஆகவே இந்தக் கூத்தை முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கதைக்கச் சொல்லி ஒருவர் எழுதித் தரவேண்டிய ஆளா அவள்? சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, துறைமுகத்தில் வேலை செய்த இராசதுரையைக் கட்டி இங்கே வந்தவள். மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து, மீன்காரனின் பரம்பரையையும் சேர்த்து விசாரித்துவிட்டுத்தான் வாங்குவாள். அந்தப் பாவி அவள் படலையைக் கடக்கும்போது மட்டும் சைக்கிள் மணியை அடிக்காமல் போவான்.

அவள் வளவுக்குப் பின்னால் தவமணியின் வளவு. நடுவில் கிடுகு வேலி, அதில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. முப்பது வருடமாகக் கறிச்சட்டியும் சண்டையும் அந்தப் பொட்டால்தான் போய்வந்தன. இராசதுரை செத்த அன்று தவமணி தேத்தண்ணிக் கேத்தலோடு வந்ததும் அதனூடாகத்தான். பொட்டால் வருகிறவளுக்குக் காரணம் தேவையில்லை. படலையால் வந்தால் அது வேறு. வருகிறவள் சேலை மாற்ற வேண்டும், கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரி கதிரை போட்டு, வந்த விசயம் என்ன என்று கேட்க வேண்டும்.

சுவிஸிலிருந்து மகன் ரிஷிகேசன் வந்தான். தாய்க்குப் பாதுகாப்பு இல்லை என்று கண்டுபிடித்தான். வேலியைப் பிடுங்கி, ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பி, அதன் தலையில் போத்தல் சில்லுகளைப் பதித்து, ஒரு கமராவையும் பூட்டினான். பனிக்குள் இருந்துகொண்டு தாயின் கோழிகளைப் பார்ப்பதற்கு.

"எங்களைக் கள்ளரெண்டு நினைச்சுத்தானே தம்பி கட்டுறீங்கள்?" என்று தவமணி அவன் முகத்துக்கு நேரே கேட்டாள். கோணேஸ்வரி பக்கத்திலேயே நின்றாள். ஊருக்கெல்லாம் திறக்கும் வாய் மகனுக்கு முன்னால் திறக்கவில்லை. அதோடு இருவருக்கும் கதை நின்றது. தவமணியின் படலை அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது. அங்கே நடந்து போய்ச் சமாதானம் சொல்ல இவளுக்கு ரோசம் விடவில்லை, அவளுக்கும் அப்படித்தான். இரண்டு கிழடுகளுக்கும் ஒரே கொழுப்பு.

பிறகு கோணேஸ்வரி சோற்றைக் கொறிக்கத் தொடங்கினாள். நித்திரை இல்லை, தலைச்சுற்று, உடம்பு வற்றிக்கொண்டே போனது. இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு நோயும் அகப்படவில்லை. ஆவணியில் தான் வரும்போதும் இப்படியே இருந்தால் கொழும்பில் முதியோர் இல்லத்தில் விடுவேன், வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பேன் என்று போனில் சொன்னான் மகன். "இந்த வீட்டை விட்டு எடுத்தா நான் செத்துப்போவன்" என்று அவள் என்னிடம் சொன்னாள். கத்தாமல் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் டொக்டரின் துண்டு வந்தது. அந்தப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு நலவாழ்வுக் கூடல் என்று பெயர். ஏதோ ஒரு நிறுவனம் மண்டபம் எடுத்து நடத்தியது. துணைக்கு நானும் போனேன், அங்கே தேத்தண்ணியோடு கடிக்கப் பற்றிஸ் கொடுப்பார்கள். தனுஷிகா என்றொரு பிள்ளை கழுத்தில் விசிலோடு நின்று மூச்சை இழுக்கச் சொன்னாள், பிறகு காரணமில்லாமல் சிரிக்கச் சொன்னாள். பெற்று வளர்த்து ஆளாக்கிய பெண்கள் பலூன் தட்டி விளையாடினார்கள். கோணேஸ்வரி பலூனைக் கண்டு முகத்தைத் திருப்பினாள்.

ஒரு புதன்கிழமை தவமணியும் வந்து இறங்கினாள். அவளுக்கும் பிரஷர், அவளுக்கும் அதே துண்டு. ஒரு மதிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு ஓட்டோ புறப்பட்டு ஒரே மண்டபத்துக்கு வந்திருந்தன. தனுஷிகா இருவரையும் எதிரெதிரே இருத்தினாள்.

"அம்மா, இண்டையில இருந்து நீங்கள் ரெண்டு பேரும் சிநேகிதர். இவவைப் பற்றி மூண்டு விசயம் கேட்டுச் சொல்லுங்கோ."

"கேக்க என்ன இருக்கு?" என்றாள் கோணேஸ்வரி. "இவவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தின்னாம இருக்கவும் ஏலாது. என்ர முருங்கைக்காயைப் பிடுங்கிப்போட்டுத் தன்ர எண்டு சொல்லுவா."

"மூண்டாவதை நான் சொல்லுறன்" என்றாள் தவமணி. "மகன் என்னைக் கள்ளியாக்கேக்க இவ வாயில கொழுக்கட்டையை வைச்சுக்கொண்டு நிண்டவ."

"அவன் என்ர பிள்ளையடி. நான் என்ன செய்யிறது?"

"அவன் பிள்ளையெண்டா, அப்ப நான் ஆர்?"

கோணேஸ்வரி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள், மற்றவளும் விடவில்லை. ஒரு வருடத்துச் சண்டையை ஒரே மூச்சில் பிடித்தார்கள். அந்த மண்டபத்தில் நடந்த ஒரேயொரு உருப்படியான வேலை அது. தனுஷிகா விசில் ஊதினாள். கூடலில் முரண்பாடு கூடாதாம். தவமணியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டாள். படித்த பிள்ளை, என்ன சொல்ல.

வீடு திரும்பியதும் கோணேஸ்வரி என் குசினிக்குள் வந்து, "சோறு கிடக்கோ?" என்று கேட்டாள். மீன்குழம்பு விட்டு இரண்டு தரம் போட்டுத் தின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் அவளுக்குக் காட்டவில்லை. அடுத்த நாள் காலையில் மதிலைக் கட்டிய அதே மேசன் முனீபைக் கூப்பிட்டு, பழைய பொட்டு இருந்த இடத்தைக் காட்டி உடைக்கச் சொன்னாள். இரண்டு கல் கழன்றிருக்காது, சுவிஸிலிருந்து போன் வந்துவிட்டது.

"அம்மா, மதிலை ஏன் உடைக்கிறீங்கள்?"

"டொக்டர் எழுதித் தந்த மருந்து, தம்பி. நீதானே மருந்தை ஒழுங்கா எடுக்கச் சொன்னனீ."

மதிலுக்கு அப்பாலிருந்து தவமணியின் குரல் கேட்டது. "இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டச் சொல்லு. நான் என்ன கோழியோ?"

ஆவணியில் ரிஷிகேசன் வந்தான். தாயின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. எல்லாம் புதன்கிழமையின் புண்ணியம் என்று முடிவுகட்டி, அந்த மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டான். கோணேஸ்வரி அங்கே போவதை விட்டு மாதக்கணக்காகிறது என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துக் கதை அடங்கிப்போனதே, அது போதும்.

புறப்படுவதற்கு முதல்நாள் அவன் அளவுநாடாவோடு மதில் பக்கம் வந்தான். நானும் கோணேஸ்வரியும் அங்கேதான் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"ஓட்டையா விடக்கூடாது அம்மா. நல்ல கதவொண்டு பூட்டோட போடுவம். திறப்பு உங்கள் ரெண்டு பேரிட்டையும் இருக்கட்டும்."

கோணேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை வாய் திறந்தது.

"கதவு போட்டா அவ தட்ட வேணும், தம்பி. தட்டினா நான் என்ன விசயமெண்டு கேக்க வேணும். வேண்டாம், ஓட்டையாவே கிடக்கட்டும்."