அப்புறம் மேடம் செய்த ஆராய்ச்சி

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் உலகம் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆறின பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன், ஆறுகிற வழியாக இல்லை.

நானும் என் மகளும் அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறோம். அண்ணன் மனைவி ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் வழிகாட்டி. பள்ளியை முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று திருதிருவென்று முழித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி, ஒரு வழி சொல்லி அனுப்புவது அவள் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். முதல் காரியமாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். வருகிறவர்கள் அதையே பார்க்கிறார்களாம். மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதாம். வருகிறவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"பஸ்ல போற மாதிரி இருக்கு அண்ணி. டிக்கெட் யார் எடுக்கிறது?" என்று நான் கேலி செய்வேன்.

எதிராளி ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பு தாங்காமல் அவர்கள் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். அதனால் மையத்தில் அவளுக்கு 'அப்புறம் மேடம்' என்றே பெயர். என் அண்ணனிடம் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்குச் சமையல் நடக்காது.

அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். அவள் பேச்சைக் கேட்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டுப் பாதியில் விட்டுப் போகிறவர்கள். அவர்கள் திரும்பி அந்த அறைப் பக்கம் வரமாட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று யாரும் கேட்பதுமில்லை. "நான் சொன்னதுல எது தப்புன்னே தெரியாம அடுத்தவங்களுக்கும் அதையே சொல்லிட்டு இருக்கேன்" என்பாள். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்து இயக்குநர் எல்லா மையத்து வழிகாட்டிகளையும் கூட்டி ஒரு நாள் முழுக்கப் பேசினார். "பல்கலைக்கழகத்துல இருக்கிறவங்க எழுதினதை நீங்க படிச்சது போதும். தினமும் ஆட்களைப் பார்க்கிறது நீங்கதான். நீங்களே ஆராய்ச்சி பண்ணுங்க, கண்டுபிடிச்சதை மறைக்காம ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துக்கோங்க" என்றார். என் அண்ணி வானத்தில் பறக்காத குறையாக வீட்டுக்கு வந்தாள். ஆறு மையத்து வழிகாட்டிகள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தங்களிடம் ஆலோசனை கேட்டுச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவரும் போனில் கூப்பிட வேண்டும். 'நான் சொன்னதில் எது உதவவில்லை?' என்று கேட்க வேண்டும். வந்த பதிலை ஒளிக்காமல் வருடாந்தர மாநாட்டில் ஆறு பேரும் வைக்க வேண்டும்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, எங்கள் வீட்டில் நாங்கள் 'சர்க்கரை' என்று கூப்பிடும் பெண். பேச்சு அப்படி. இரண்டு வருடம் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு, வேறு மையத்துக்குப் போனவள். "அக்கா, அக்கா" என்று எங்கள் வீட்டு அடுப்படி வரை வருவாள். என் மகளுக்குப் படிப்பு தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தபோது, "வீட்டுப் பொண்ணுக்கு நான் சொல்லக் கூடாது, மனசு ஒரு பக்கம் சாயும்" என்று அண்ணி அவளைச் சர்க்கரையிடம்தான் அனுப்பினாள். சர்க்கரை பரீட்சை வைத்துப் பார்த்து, பொறுமை இருக்கிறது, கண் கூர்மை, கை சுத்தம் என்று கணக்குப் போட்டு, ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பில் சேர்த்துவிட்டாள்.

கணக்கு எல்லாம் சரி. அந்தக் கூடத்து வாசனை என் மகளுக்கு ஆகாது என்பது மட்டும் எந்தப் பரீட்சையிலும் இல்லை. மாதக்கணக்கில் வாந்தி எடுத்திருக்கிறாள். எங்களிடம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பெற்ற வயிறு என்னவெல்லாம் நினைக்கும்! நினைத்தேன், கேட்கவும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அந்த ஆராய்ச்சிக்காகச் சர்க்கரை போன் செய்து, "எது உதவலை, சொல்லும்மா" என்று கேட்டபோதுதான் மொட்டை மாடியில் நின்று ஒரு மணி நேரம் அழுது தீர்த்திருக்கிறாள். கீழே இறங்கி வந்து எங்களிடமும் சொன்னாள். படிப்பை விட்டாள். "ஆன்ட்டி சொன்னாங்க, நான் சொல்றதை வச்சு அடுத்து வர்றவங்களைக் காப்பாத்தலாமாம்" என்றாள். முகம் தெளிந்திருந்தது. அன்றைக்குச் சர்க்கரையை மனதாரக் கும்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு வந்த பதில்களும் அதே ரகம். விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண்ணால் விடவில்லை. சத்தம், சூடு, நாள் முழுக்க நிற்பது, மேற்பார்வையாளரின் வசவு, இப்படி நேரில் பார்த்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கக்கூடிய காரணங்கள். அதனால் அவள் கேட்க நினைத்தது இதுதான்: சேர்வதற்கு முன்னால் எல்லோரும் அந்த வேலை நடக்கிற இடத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். "ஒருத்தி கேட்டா கொடுக்க மாட்டாங்க. ஆறு மையமும் ஒரே குரல்ல சொன்னா கொடுத்துத்தான் ஆகணும்" என்றாள்.

மாநாட்டுக்கு நானும் போனேன். அண்ணியை மேடையில் பார்க்கிற ஆசை, கூடவே மதியச் சாப்பாடு இலவசம். கூடத்து வாசலில் சர்க்கரை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க முதல்ல பேசுங்க. நீங்க ஆரம்பிச்சாத்தான் எங்களுக்குத் தைரியம் வரும்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

அண்ணி முதலில் பேசினாள். தான் வழி சொன்னவர்களில் மூன்றில் ஒருவர் பாதியில் விட்டார் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு காரணமாகச் சொன்னாள். எங்கே தான் கேட்கத் தவறினாள் என்பதையும், அந்த ஒரு வார யோசனையையும் சொன்னாள். இயக்குநரின் முகம் சுண்டியது. எனக்கு அது கவலையாக இல்லை; இன்னும் ஐந்து பேர் வரப்போகிறார்களே.

வந்தார்கள். முதலாமவர் திரையில் சிரித்த முகங்களாகப் போட்டு, தன் மையத்தில் எல்லோரும் திருப்தி என்றார். அடுத்தவரும் அப்படியே. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியாகச் சர்க்கரை ஏறினாள். "தொண்ணூற்று நான்கு சதவீதம் பேர் மிகுந்த திருப்தி தெரிவித்திருக்கிறார்கள்" என்று தேன் ஒழுகப் படித்தாள். கைதட்டல். அந்தப் படங்களையும் எண்களையும் அந்தக் கணத்திலா தயார் செய்தாள்? அடிப்பாவி, எல்லாம் முன்பே செய்து வைத்துக்கொண்டு அண்ணியைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை அறுத்திருக்கிறார்கள்! நான் எழுந்துவிட்டேன். அண்ணி முன்வரிசையிலிருந்து திரும்பி, உட்கார் என்று கண்ணால் சொன்னாள். உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை.

இயக்குநர் முடிவுரையில், ஐந்து மையங்கள் சிறப்பாக நடக்கின்றன, ஒன்றில்தான் கோளாறு, அதை அவரே ஒப்புக்கொண்டது நல்லது என்றார். மறைக்காமல் பகிர்ந்துகொள்ளச் சொன்ன அதே வாய். ஒரு வார யோசனையைப் பற்றி மூச்சில்லை. பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. அண்ணிக்கு வருகைப் பதிவுப் பிரிவு. படிக்கட்டு அறைக்குச் சர்க்கரை.

வீட்டில் என் அண்ணன்கூடக் கத்தினான். அண்ணி, கடிகாரத்தை மறுபடி மாட்டிவிட்டார்களாம் என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை வந்தாள். கையில் ஒரு பை ஆப்பிள். நான் கதவைத் திறந்துவிட்டு வழிவிடாமல் நின்றேன். அண்ணிதான் "வரட்டும் விடு" என்றாள்.

"அக்கா, மாநாட்டுக்கு முந்தின வாரம் எங்க மேலதிகாரி பதில்களைப் பார்த்துட்டு, இதைக் காட்டினா மையத்துக்கு யார் வருவான்னு கேட்டாரு. மத்தவங்களுக்கும் அதே கதைதான். நாங்க பேசிக்கிட்டோம்."

"நாங்கன்னா?"

"அஞ்சு பேரும். உங்ககிட்ட சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"அதனால என்னை முதல்ல பேசச் சொன்னே."

சர்க்கரை குனிந்துகொண்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அண்ணி என் பக்கமே பார்க்கவில்லை.

"சரி, போனது போகட்டும்" என்றாள். "நீ நிஜமா கூப்பிட்டுப் பேசினியே, அந்தப் பதில்களைக் கொடு. என்னோடதையும் உன்னோடதையும் சேர்த்து வச்சு மறுபடி கேட்கலாம். உன் பேர் வேண்டாம்."

"இல்லைக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். யார் கையிலயாவது மாட்டினா என் வேலை போயிடும்."

உள் அறையிலிருந்து என் மகள் வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"ஆன்ட்டி, நான் சொன்னதையுமா?"

சர்க்கரை ஆப்பிள் பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ அந்தத் தொண்ணூத்தி நாலுல நானும் இருக்கேனா?"

சர்க்கரை எழுந்து போனாள். ஆப்பிள் பையை நான் பின்னாலேயே கொண்டுபோய் அவள் கையில் திணித்தேன். திரும்பி வந்தபோது அண்ணி என் மகளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட சொல்லு கண்ணு. உன்னை வச்சே முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். நான் அழிக்க மாட்டேன்."

"தெரியும் அத்தை. ஆனா அவங்களும் இப்படித்தான் கேட்டாங்க. உங்களை மாதிரியே, இதே குரல்ல." அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இனிமே யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். நீங்க கேட்டாலும்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அறையைப் பிடுங்கியபோதுகூடக் கண்ணைக் கசக்காத என் அண்ணி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.