கோபுரம் தெரிந்ததும் ஒரு ரிங்

ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. ராஜபாளையத்தில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிற நூல் மில்லில், இனிமேல் வருகைப் பதிவு ஆப்பில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பட்டன் போனை வைத்தே காலம் தள்ளியவன், வேறு வழியில்லாமல் கடையேறினேன்.

அதிக விலையும் வேண்டாம், மட்டமானதும் வேண்டாம், நடுவில் காட்டுங்கள் என்றேன். விற்பனைக்கு நின்ற பெண் கண்ணாடி மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் ஒரே அச்சு. ஒன்றின் முதுகில் மூன்று கேமரா, பக்கத்தில் இருந்ததில் நான்கு. மல்லாக்க வைத்தால் முதுகு மேடு இடித்துக்கொண்டு போன் ஆடுகிறது. பேட்டரியைக் கழற்ற முடியாது. இயர்போன் செருக ஓட்டை கிடையாது. சார்ஜரும் தனியாக வாங்க வேண்டுமாம். பின்னே பெட்டிக்குள் என்னதான் இருக்கும் என்று கேட்டேன். போன் இருக்கும் சார் என்றார். நல்ல பொறுமைசாலி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டேன்.

"இதுல ஒத்தக் கையில, பாக்காமலே மிஸ்டு கால் குடுக்க ஏலுமாம்மா?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். பேசுவதே இப்போது இலவசம்தானே, மிஸ்டு கால் எதற்கு என்றார்.

கல்யாணமான புதிதில், ஒரு நிமிடம் பேசுவதற்கே யோசிக்கிற காலத்தில் வந்த பழக்கம் அது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். சாயங்கால பஸ்ஸில் இடதுபக்கம் மலை கூடவே வரும். தூரத்தில் எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்ததும் சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பச்சைப் பட்டனை இரண்டு தடவை அமுக்குவேன். கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்குப் போகும். நான் வேறு யாரையும் கூப்பிடுகிறவன் இல்லை, அதனால் அது என் மனைவிக்குத்தான் போகும். மனசுக்குள் ஒரு ரிங் எண்ணிச் சிவப்பை அமுக்கிவிடுவேன். அவள் எடுக்க மாட்டாள், தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வீட்டுக்குள் நுழையும்போது கல் காய்ந்திருக்கும். ஓவர்டைம் என்றால் மில்லிலிருந்தே இரண்டு ரிங்.

பேச்சு இலவசமான பிறகும், மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகும் அந்த ரிங் நிற்கவில்லை. நிறுத்தலாமே என்று இருவருக்குமே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் காலத்துப் பஸ் பயணங்கள்மேல் எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் கிடந்தவனுக்கு அந்த ஒரு ரிங்கோடு வேலை முடிந்துவிடும்.

கடைப் பெண் ஒரு வழி சொன்னார். நான் வருகிற இடம் மேப்பில் புள்ளியாக நகருமாம், அதை வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். மனைவியிடம் மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் முன்பே இருந்தது. எனக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, மறுநாள் அவள் போனையும் கொண்டுபோனேன், கடைப் பெண்ணே இரண்டிலும் சரிசெய்து கொடுத்தார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

முதல் சில நாள் ஜன்னலோர சீட் கிடைத்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் பழையபடி ரிங் கொடுத்துவிட்டேன். புரட்டாசி சனிக்கிழமையன்று மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. ஒரு கை மேல்கம்பியில். கோபுரம் தெரிந்தது. மறு கையால் போனை உருவினேன். வேர்வை விரலை அது ஏற்கவில்லை. முகத்தைக் காட்டினால் யாரோ என்றது. பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினால் ஒரு பெண்குரல் என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். மேப்தான் இருக்கிறதே என்று போனைப் பைக்குள் தள்ளிவிட்டேன்.

வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மனைவி வாசற்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ பசி. மேப்பில் தெரியவில்லையா என்று எரிந்து விழுந்தேன்.

"தெரிஞ்சுது. புள்ளி நம்ம தெரு வரைக்கும் வந்துச்சு," என்றாள். போனை என் பக்கம் திருப்பினாள். "அது பஸ்ஸு வருதுன்னுதான சொல்லுது. நீங்க என்னைய நெனச்சீகன்னு சொல்லுதா?"

இத்தனை வருஷமும் அதைத் தோசைக்கான தகவல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நானே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மேஜை டிராயரில் பட்டன் போன் கிடந்தது. மறுநாள் ஞாயிறு, அதற்குப் புது பேட்டரி போட்டு என் சிம்மையும் அதற்கே திரும்ப மாற்றினேன். புதுப் போனுக்கு வேறு சிம், வருகைப் பதிவுக்கு மட்டும்.

திங்கள் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். கோபுரம் தெரிந்தது. பச்சை இரண்டு தடவை, ஒரு ரிங், சிவப்பு. கையை எடுக்கக்கூட இல்லை, பைக்குள் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு ரிங் திருப்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.