தலை வைக்கும் இடம்

என் கணவர் விசைப்படகில் டிரைவர். காசிமேட்டிலிருந்து கிளம்பினால் கரை திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். வந்ததும் மீனை இறக்கி, ஏலம் முடித்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, என் மார்பில் தலையை வைத்துத் தூங்கிவிடுவார். மதியம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை அசைய மாட்டார். "காதுக்குள்ள இஞ்சின் ஓடிகினே கீதுமே. இங்க தல வச்சாதான் அது நிக்குது" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஊறவைத்த துணி ஊறிக்கொண்டே கிடக்கும், கை மரத்துப்போகும், தெருவில் தண்ணி லாரி வந்துவிட்டுப் போயே போய்விடும். மனசுக்குள் திட்டுவேனே தவிர ஒருநாளும் அவரை எழுப்பினதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தை ஆஸ்பத்திரியில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவர் தலை வைப்பதும் அந்தப் பக்கம்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை கடலிலிருந்து வந்தவர், சாப்பிட்டுவிட்டு ஓரமாகப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். "இன்னாய்யா, நான் செத்தா பூட்டேன்? இந்தப் பக்கம் கீதுல்ல?" என்று கத்தினேன். எழுந்து வந்து வலப்பக்கம், கழுத்து எலும்புக்குக் கொஞ்சம் கீழே, தலையை வைத்தார். இதயம் அந்தப் பக்கம் இல்லை, அது தெரியாத ஆளா அவர்? இருந்தாலும் "இஞ்சின் நின்னுடுச்சி" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதோம்.

அப்புறம் கீமோ ஆரம்பித்தது. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் வலது கையில்தான். அதுவும் முதல் இரண்டு முறை தாங்கியது. மூன்றாவது முறை நரம்பே கிடைக்கவில்லை. நர்ஸ் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். ஒருவழியாகக் குத்தினால் பாதியில் மருந்து வெளியே கசிந்து கை வீங்கிப்போனது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிற வேலை பார்க்கிறேன். பேனாவைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை.

டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, "இனிமே கையை நம்ப முடியாதும்மா. போர்ட் வெச்சிடலாம்" என்றார். சின்ன டப்பா மாதிரி ஒன்று, தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்களாம். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்க்குப் போகுமாம். மருந்து அதன் வழியாக நேராகப் போய்விடும், கையைத் தேட வேண்டாம், சிகிச்சையெல்லாம் முடிந்தபிறகு எடுத்துவிடலாம் என்றார். எல்லாம் சரிதான். "எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன். அவர் தன் விரலை என் வலது கழுத்தெலும்புக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

அளந்து வைத்தாற்போல அதே இடம்.

"அந்தப் பக்கம் வைக்க முடியாதா?" என்றேன். ஆபரேஷன் ஆன பக்கம் வேண்டாம் என்றார். கையிலேயே நீளமாக ஒரு குழாய் போடுகிற முறையும் இருக்கிறதாம். ஆனால் இந்த வீங்கின கையில் அதற்கு அவர் துணியவில்லை. "எதுக்கும்மா யோசிக்கிறீங்க? பயமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்காரர் தலை வைக்கிற இடம் டாக்டர் என்றா சொல்ல முடியும்? திங்கட்கிழமை அடுத்த கீமோ, அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கூட வந்திருந்தது என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். மீன் விற்கிறவர். வியாபாரத்தில் பேசின குரல் பஸ்ஸிலும் இறங்காது. "போட்டுக்கோடி. கையப் பாரு, கத்திரிக்கா கணக்கா கெடக்குது" என்றார். தழும்பு விழும் என்றேன். "ஆமா, இவ சினிமால நடிக்கப் போறா." தாலிச் சரடு உறுத்தும் என்றேன். "கயட்டி வையி." ஒருக்களித்துப் படுக்க முடியாது என்றேன். "மல்லாக்கப் படு." நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, டோல்கேட் ஸ்டாப் வருவதற்குள் மொத்த பஸ்ஸும் என் நெஞ்சைப் பற்றித் தெரிந்துகொண்டது. கடைசியில், "அவரு வரட்டும் அண்ணி, கேட்டுகினு சொல்றேன்" என்றேன்.

"அவன் வர்றதுக்குள்ள திங்கக்கெயம பூடும்டி!"

அதுவும் உண்மைதான். செல்போன் டவர் எட்டாத தூரத்தில் இருந்தார். அண்ணி என்னை வீட்டுக்கு விடாமல் நேராக மீன்பிடித் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். படகு முதலாளியின் ஷெட்டில் வயர்லெஸ் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். பொம்பளைகள் அதன் பக்கம் போவதில்லை. கரையில் என்ன நடந்தாலும் கடலில் இருப்பவனுக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனசு கலங்கினவன் கை இஞ்சினுக்குள் போய்விடும், கால் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம். சாவே ஆனாலும் "வூட்ல அல்லாரும் சௌக்கியம்" என்றுதான் சேதி போகும். எனக்குக் கட்டி வந்த சேதியே அவர் கரையில் கால் வைத்தபிறகுதான் அவருக்குத் தெரியும்.

"கடல்ல கீறவன்கிட்ட இதெல்லாம் பேசலாமாம்மா?" என்றார் பெரியவர்.

"யோவ் நைனா, அவன் வந்து இவள பாக்கணுமா வேணாமா? குடுய்யா அத" என்றார் அண்ணி.

படகு ரொம்ப தூரத்தில் இருக்கிறது, நேராகக் கிடைக்காது, நடுவில் இருக்கிற இன்னொரு படகுக்காரர் நம் பேச்சைக் கேட்டு அவருக்குச் சொல்வார், அவர் சொல்வதை நமக்குச் சொல்வார் என்று பெரியவர் விளக்கினார். அப்படியானால் அவர் குரல் எனக்குக் கேட்காதா என்றேன். கேட்காது என்றார். வந்த ஆசையில் பாதி அங்கேயே செத்தது. அவர் குரலைக் கேட்கத்தான் வந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேசும்போது பட்டனை அழுத்து, கேட்கும்போது விடு என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

அழுத்தினேன். "யோவ், நான்தான்யா" என்றேன். நடுவில் ஒருத்தர் இருக்கிறார் என்பது அந்த நிமிஷமே மறந்துவிட்டது.

"கையில நரம்பு இல்லியாம்யா. நெஞ்சுல டப்பா வக்கணுமாம். சோத்தாங்கைப் பக்கம். நீ தல வக்கிற எடம்யா அது. அதுவும் பூட்டா நீ எங்க படுப்ப? மறுபடி செவுத்தப் பாத்து படுத்துக்குவ. நான் இன்னா பண்றது? என்னான்ட வேற எடம் மிச்சம் இல்லய்யா. நீ போறப்பல்லாம் எப்படா வருவ, எப்படா வந்து படுப்பன்னுதான் நாள ஓட்டிகினு கீறேன். அது இல்லன்னா எனக்கு எதுக்கு இந்த மருந்து?"

பெரியவர் என் எதிரில் நின்று கையை மூடி மூடித் திறந்தார். சீக்கிரம் முடி என்கிறார் என்று நினைத்து, "இருய்யா, பேசிகினு கீறேன்ல!" என்று அவர் மேலும் ஒரு கத்தல். அதுவும் கடலுக்குப் போனது. "சோறு துன்னியா? காது இன்னும் கத்துதா? சீக்கிரம் வாய்யா, ஒண்ணியும் முடியல என்னால" என்று சொல்லி, அழுது, மூக்கைச் சிந்தி, அதற்கப்புறமும் அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். அண்ணிதான் என் விரலைப் பிடித்துப் பட்டனிலிருந்து பிய்த்தார்.

இரைச்சல் கேட்டது. அப்புறம் ஒரு கரகரத்த குரல். "அக்கா… நீ பட்டன வுட்டாதான் நாங்க பேச முடியும்க்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்துக் கடலில் இருந்த அத்தனை படகும் கேட்டிருக்கிறது. இன்னொரு குரல் குறுக்கே வந்தது: "எங்க வூட்லயும் போட்டாங்க தங்கச்சி. நல்லாத்தான் கீது. பயப்படாத." யாரோ, எந்தப் படகோ. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நடுப்படகுக்காரர் என் கணவரைக் கூப்பிட்டுப் பேசுவது கேட்டது. "அண்ணே, அக்காக்கு நெஞ்சுல டப்பா வக்கணுமாம்ணே. நீ தல வச்சி படுக்கிற எடமாம். அது வேணாங்குது. அயிவுதுண்ணே." சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு வெறும் இரைச்சல். அந்த இரைச்சலில்தான் என் கணவர் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவோ நேரம் பேசினார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். வயர்லெஸ் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். ஒரு எழுத்து கேட்கவில்லை.

"அக்கா, அண்ணன் போட்டுக்க சொல்லுது. மடி கீதுல்ல, மடில படுத்துக்கிறேன்னு சொல்லுது" என்றார் அந்தக் குரல். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னும் இன்னாமோ சொல்லிச்சி. அத நான் சொன்னா நல்லா இருக்காதுக்கா. வந்து அதுவே சொல்லும்" என்றார்.

ஆட்டோவில் அண்ணி வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "என் தம்பி தலைக்கு இவ்ளோ கிராக்கியாடி?" என்றார். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

திங்கட்கிழமைக்குள் போர்ட் வைத்தாகிவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். இப்போது ஒரே குத்துதான், மருந்து இறங்கிவிடுகிறது. கை வீக்கம் வடிந்து மறுபடி கேட் பாஸ் எழுதுகிறேன். போட்டது நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை.

அவர் வந்தார். "காட்டுமே" என்றார். விரலெல்லாம் சொரசொரப்பு என்று புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். சொன்னபடி மடியில் படுத்தார். "இன்னமும் இன்னாமோ சொன்னியாமே, இன்னா அது?" என்று கேட்டேன். "ஒண்ணியும் இல்ல. தூங்க வுடு" என்றார். கிள்ளிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வாயிலிருந்து வரவில்லை. கல்லுளிமங்கன்.

மடியும் நல்லதுதான். ஆனால் மடியில் படுத்திருப்பவரின் மூச்சு என் கழுத்தில் படாது. தலைமுடியில் ஒட்டியிருக்கும் டீசல் வாசனை எவ்வளவு குளித்தாலும் போகாது, அது என் மூக்குக்கு எட்டாது. கையெட்டும் தூரத்தில் ஆள் இருக்கிறார், நான் அவருக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த முறை கடலிலிருந்து வந்தபோது கீமோ ஒன்று முடிந்து நானும் சோர்ந்து கிடந்தேன். மதியம். அவர் என் மடியில் தலை வைத்தார், நான் தலையணையில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டேன். திடீரென்று நெஞ்சில் சுரீரென்று வலி. கண்ணைத் திறந்தால், தூக்கத்திலேயே மேலே ஏறி வந்து போர்ட்டின் மேல் கன்னத்தைப் பதித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு என் கழுத்தில் பட்டது.

வலியில் உயிர் போனது. கொஞ்சம் தோளை அசைத்தால் போதும், எழுந்து பதறிப்போய் மடிக்கு இறங்கிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவர் எழுந்துவிடக்கூடாதே என்று கிடந்தேன்.