எமிலி டீச்சர் நடக்கவிட்ட தூரம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் டீக்கடைச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றவன் நான். சுவரில் எதைக் கண்டாலும் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டீச்சர் பெயர் வந்தது. மேலே அவர் படமும் இருந்தது. அப்படியும் நம்பவில்லை, தப்பாகப் படித்திருப்பேன் என்று கடைக்கார பாயைக் கூப்பிட்டேன்.

"சரியாத்தான் படிச்சிருக்கீரு வே. நேத்து மத்தியானம் படுத்தாவ, எந்திரிக்கல. இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம்."

சரியாகப் படித்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்று மட்டும்தான்.

தச்சநல்லூரில் காலை நடைக்கு வரும் உங்களுக்கு டீச்சரைச் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றபின், தினமும் காலையில் நம்மைக் கூட்டிப்போய் நடக்க வைத்தவர். நான் சந்தையில் வாழைத்தார் சுமந்தவன். சர்க்கரை வந்து கால் தளர்ந்து, ஒருநாள் வாசற்படியில் விழுந்தேன். "இனித் தனியா இருக்க வேண்டாம்ப்பா. பொங்கல் கழிஞ்சி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான் சென்னையிலிருக்கும் மகன். எனக்கோ என் வீட்டைவிட்டுப் போக மனமில்லை. அதற்குள் காலைத் தேற்றியாக வேண்டும். அதனால் டீச்சரிடம் போனேன். நம்பிப் போகவில்லை.

"ஒரு வாரத்துல ஆத்தங்கரை வரைக்கும் நடக்கணும் டீச்சர்" என்றேன்.

"இந்த வாரம் உங்க தெருமுனை வரைக்கும் அண்ணாச்சி."

"அது சின்னப்பிள்ளை நடக்குத தூரம்லா?"

"அப்போ லேசா முடிஞ்சிரும்லா!"

இவ்வளவு கொஞ்சமாகக் கேட்கிறவர் பின்னால் பெரிதாக எதையோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். சத்துமாவு டப்பா விற்கிறவராக இருக்கும் என்று அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அன்று நடைக்கு லீவு விட்டுவிட்டு, அவர் மட்டும் போனார்.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் ஆற்றுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். காலை ஊன்றவே முடியவில்லை. வீட்டுக்குப் பார்க்க வந்த டீச்சர் திட்டவில்லை.

"ஆத்துல தண்ணி எப்படிப் போகுது அண்ணாச்சி?"

"எங்க பாத்தேன்!"

"அப்போ கால் தேறுனதும் மறுபடியும் தெருமுனை."

சோற்றை நிறுத்தச் சொல்வார், சண்டை போட்டு விலகிவிடலாம் என்றிருந்தேன். அதற்கும் வழியில்லை. "சோறு சாப்பிடுங்க. மறுசோறு வாங்காதீங்க. வயிறு கேட்டா கீரையக் கூட வைங்க" என்றார். நடந்து முடித்ததும் பாய் கடையில் ஆளுக்கு இரண்டு உளுந்தவடை தின்பது நம் வழக்கம். நடந்த பலனெல்லாம் அங்கேயே போய்விடும். அதையும் டீச்சர் முழுசாகத் தடுக்கவில்லை. ஒன்று போதும், டீயில் சீனி வேண்டாம் என்றார். பாய்க்கும் இவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று பாயிடமே கேட்டுவிட்டேன்.

"கிறுக்கு புடிச்சிருக்கா வே உமக்கு? அவிய வந்த பொறவு என் வட யாவாரமே பாதியாப் போச்சி!"

பொங்கல் கழிந்து மகன் வந்தான். அன்று டீச்சரும் வீட்டுக்கு வந்திருந்தார். "போன்ல சொன்னேன்லா டீச்சர்..." என்று அவன் ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதுதானா சங்கதி! இவர் என் மகன் வைத்த ஆள்!

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஆமா அண்ணாச்சி. உங்களால முடியாதுன்னு சொல்லச் சொல்லித் தம்பி கேட்டுச்சி. பாத்ததத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டேன்." பிறகு அவனிடம், "ஆறு வரைக்கும் அப்பாவால முடியாது. கடைத்தெருவுக்குப் போயிட்டு வர முடியும். பையப் பைய படியேற முடியும். ராத்திரி மட்டும் ஒரு ஆள் கூட இருக்கணும்" என்றார்.

கொஞ்சம் கூட்டிச் சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபம். ஆனால் கூட்டிச் சொல்லாததால்தான் மகன் நம்பினான். நானும் அன்றுதான் அவரை நம்பினேன். என் தங்கை மகன் ராத்திரி வந்து படுப்பதாக ஏற்பாடாயிற்று. மகன் தனியாக ரயிலேறினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரை ஆலயத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். கடைசிவரை கூடவே நடந்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். அந்த வேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. துக்கத்தில் இன்று நடந்துவிடுவேன், நாளைக்குப் படுத்துவிடுவேன். படுத்தால் மகன் மறுபடி வந்து நிற்பான். ஆலய வாசல் வரைக்கும் நடந்தேன். அங்கே ஓர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். உங்களில் சிலர் திரும்பிப் பார்த்தீர்கள். குழியருகே நின்று ஒரு பிடி மண் போட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்து செருப்பை மாட்டினேன். கடைத்தெரு வரைக்கும் போனேன். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கால் சொன்ன இடத்தில் திரும்பி வீட்டுக்கு வந்தேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திரும்புதலைத்தான்.